137 மீட்டர் தாவியும் தோற்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து ஸ்கீ ஜம்பிங் (பனிச்சறுக்குப் பலகையில் சரிவில் இறங்கி, விளிம்பிலிருந்து தாவும் விளையாட்டு) பார்க்கிற நாலு பேருக்காக இது. குளிர்காலத்தில் ஆஸ்திரியாவில் மாலை 4:30 என்றால் நமக்கு இரவு 9 மணி. சாப்பாட்டை முடித்துவிட்டே பார்க்கலாம். ஆனால் திரையில் தூரத்தை மட்டும் பார்த்தால் யார் ஜெயித்தார் என்றே புரியாது.

ஆஸ்திரியாவின் பிஷோஃப்ஸ்ஹோஃபன் குன்றில் கே-பாயிண்ட், அதாவது புள்ளிக் கணக்குக்கு அடிப்படையான தூரம், 125 மீட்டர். அங்கே இறங்கினால் 60 புள்ளி. அதற்கு மேல் மீட்டருக்கு 1.8 கூடும், குறைந்தால் அதே கணக்கில் கழியும். 137 மீட்டருக்கு 81.6. ஐந்து நடுவர்கள் 20க்கு மதிப்பெண் போடுவார்கள்; பெரியது ஒன்று, சின்னது ஒன்று தள்ளுபடி. 18, 18, 18.5, 18.5, 19 வந்தால் 55. ஆக மொத்தம் 136.6.

அப்புறம்தான் காற்று. எதிர்காற்று தூக்கிவிடும், அதனால் புள்ளி பிடிப்பார்கள்; பின்காற்று அமுக்கிவிடும், அதற்கு ஈடு தருவார்கள். தாவுபவர் சறுக்கத் தொடங்கும் இடத்துக்கு 'கேட்' என்று பெயர்; பயிற்சியாளர் சொல்லி அதைக் கீழே இறக்கினாலும் ஈட்டுப்புள்ளி உண்டு. ஆனால் தாவும் தூரம் 'குன்றின் அளவு' (ஹில் சைஸ்) என்று குறித்த தூரத்தில் 95 சதவீதத்தைத் தொடாவிட்டால் அது கிடையாது. பேராசைக்காரர்கள் மாட்டுவது இங்கேதான்.

விளிம்பிலிருந்து புறப்படும் வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி. நொடிக்கு 25 மீட்டர். பத்தில் ஒரு நொடி முந்தி உதைத்தால் விளிம்புக்கு 2.5 மீட்டர் முன்னாலேயே பலம் தீர்ந்துவிடும். பிந்தினால் உதைக்கத் தரையே இருக்காது. ரொம்பத் தூரம் போனாலும் சிக்கல்தான். அங்கே சரிவு தட்டையாகிவிடுவதால் ஒரு காலை முன்வைத்து இறங்கும் டெலிமார்க் வராது, நடுவர் மதிப்பெண் சரியும்.

2024-25 நான்கு குன்றுத் தொடரைப் பாருங்கள். நாலு குன்றுகளில் நாலு போட்டி, எல்லாப் புள்ளிகளையும் கூட்டித்தான் தொடர் வெற்றி. ஸ்டெஃபான் கிராஃப்ட் ஓபர்ஸ்ட்டார்ஃபிலும் இன்ஸ்ப்ருக்கிலும் ஜெயித்தார்; டேனியல் ஷோஃபெனிக் மற்ற இரண்டையும். தொடர் ஷோஃபெனிக்குக்கு. ஒரு போட்டியில்கூட முதலிடம் வராத யான் ஹோர்ல் இரண்டாவது, இரண்டு ஜெயித்த கிராஃப்ட் மூன்றாவது! முதல் இருவருக்கும் நடுவே 1.4 புள்ளி, அதாவது எட்டுத் தாவல்களில் 80 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த சீசனின் உலகக் கோப்பையும் ஷோஃபெனிக்குக்கே போனது.

கடைசியாக, உடை. சூட் தொளதொளப்பாக இருந்தால் காற்றைப் பிடித்து மிதக்கவிடும். அதனால்தான் அளவு பார்க்கிறார்கள். 2025 மார்ச்சில் ட்ரோண்ட்ஹைம் உலகச் சாம்பியன்ஷிப்பில் நார்வே அணி சூட்டுக்குள் விறைப்பான நூல் வைத்துத் தைத்தது பிடிபட்டு, இரண்டாமிடம் வந்த மாரியுஸ் லின்ட்விக் வெள்ளியை இழந்தார். தாவி முடித்தாலும் பெயருக்கு எதிரே டிஎஸ்க்யூ (DSQ, தகுதி நீக்கம்) என்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்கள்.