சையத் பாஷா மலை திருப்பிச் சொன்ன வேட்டுகள்

வாணவேடிக்கை எங்கே நடந்தாலும் போய் நின்றுவிடும் பழக்கம் எனக்கு இருபது ஆண்டுகளாக உண்டு. ஆனால் சென்ற ஆண்டு நான் கிருஷ்ணகிரிக்குப் போனது கோயில் திருவிழாவுக்காக அன்று. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், பட்டாசு வியாபாரிகள் சிலர் சேர்ந்து உரிய அனுமதி பெற்று, அவ்வூர்ச் சையத் பாஷா மலையின் அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு திடலில் பொதுமக்களுக்காக நடத்திய செயல்விளக்க மாலைக்காகப் போனேன். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே கொளுத்திக் காட்டிவிடுவார்கள் என்பதால், என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு இது திருவிழாவைவிட மேலானது.

சேலத்தில் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து ஏறி, தொப்பூர்க் கணவாயில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து, தருமபுரியில் பத்து நிமிடம் நின்று, காவேரிப்பட்டணம் தாண்டிக் கிருஷ்ணகிரியில் இறங்கியபோது ஐந்தாகிவிட்டது. வழியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. மேகம் மட்டும் கூடவே வந்தது. தீப்பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளாத பருத்திச் சட்டை, காதுக்குப் பஞ்சு, பழைய தொலைநோக்கி ஒன்று, பசிக்கு நான்கு போளி ஆகியவையே என் பையில் இருந்தன.

நிகழ்ச்சி ஏழு மணிக்கு என்று அறிவித்திருந்தாலும் நான் ஐந்தரைக்கே திடலுக்குப் போய்விட்டேன். வாணத்தில் பாதி தரையில் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கயிறு கட்டித் தடுத்திருந்த பகுதிக்கு அப்பால் ஐந்து பேர் கனத்த பிளாஸ்டிக் குழாய்களை மணலில் முக்கால் பங்கு புதைத்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரிடம், "கிட்ட வந்து பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்கேயே நில்லு தம்பி, அங்கிருந்தே எல்லாம் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரிதான், நன்றாகவே தெரிந்தது.

தேங்காயைவிடச் சற்றுச் சிறிய உருண்டை ஒன்றை, அதன் நீண்ட திரியைப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் வாளி இறக்குவதுபோல் குழாய்க்குள் மெதுவாக இறக்கினார். அடியில் தட்டியதும் திரியை லேசாக இழுத்துப் பார்த்து, குழாயின் வாயை வெள்ளித் தாளால் மூடினார். பக்கத்துக் குழாயின் பொறி உள்ளே விழுந்துவிடாமல் இருப்பதற்காக அந்தத் தாள். உருண்டையின் அடியில் இருக்கும் மருந்து அதைத் தூக்கி எறியும். எறியும்போதே உள்திரி பற்றிக்கொள்ளும். உச்சியை அடையும் நேரத்தில் அது நடுவிலிருக்கும் மருந்தைத் தொட்டு, சுற்றிலும் அடுக்கியிருக்கும் சுண்டைக்காயளவு மருந்துருண்டைகளைக் கொளுத்திச் சிதறடிக்கும். நாம் பூ என்று வியப்பது அந்தச் சுண்டைக்காய்கள் ஒவ்வொன்றும் எரிந்துகொண்டு விலகும் பாதையைத்தான். உள்திரி ஒரு நொடி பிந்தினால் பூ கீழே வந்து மலரும். அத்தனையும் கையால் செய்யும் வேலை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

வேலை முடிந்து டீ குடிக்க வந்தபோது பெரியவரே பேச்சுக் கொடுத்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர், அப்பா காலத்தில் திருவிழாக்களுக்கு வீட்டிலேயே வாணம் கட்டியவர்களாம். "உப்பு, கரி, கந்தகம், வேற என்ன தம்பி இருக்கு இதுல? கரியிலதான் சூட்சுமம். எருக்கங்கரி போட்டா வேகம், கட்டைக்கரி போட்டா பொன்னாட்டம் நின்னு விழும்" என்றார். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற நூற்றுவீதத்தை நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். எந்த மரத்தின் கரி என்ற கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

திடலின் ஓரத்தில் தீயணைப்பு வண்டி ஒன்று நின்றது. கூட்டத்தில் பலர் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார்கள். 2023 ஜூலை இறுதியில் இதே ஊரின் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து உயிர்கள் போனதையும், அதே ஆண்டு அக்டோபரில் ஒசூருக்கு அப்பால் எல்லை தாண்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது மாண்டவர்களில் தருமபுரி மாவட்டத்து இளைஞர்களும் இருந்ததையும் இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பெரியவரின் குழுவில் ஒருவர் பீடியை எடுத்ததற்கு அவர் போட்ட சத்தம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

ஏழு மணி எட்டேகால் ஆனது. முதல் உருண்டை மேலே போய் வெள்ளியாக மலர்ந்து, அரை நொடி கழித்து வேட்டு நெஞ்சில் இடித்து அடங்கியதும் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அப்போதுதான், யாரும் எதிர்பாராதபடி, இருட்டிலிருந்து இரண்டாவது வேட்டு ஒன்று கேட்டது. வானத்தில் வெளிச்சம் எதுவும் இல்லை. மலைதான் திருப்பிச் சொன்னது! அடுத்த வேட்டுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன், ஐந்து நொடி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப ஐந்து நொடி என்றால் பாறை ஏறத்தாழ 850 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவரும் இதைக் கண்டுகொண்டு, மடியிலிருந்த பேரனுக்குத் தெலுங்கில் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஐந்தாவது எண்ணுக்குக் காதைப் பொத்திக்கொண்டது.

அந்த மலைக்கும் வெடிமருந்துக்கும் பழைய உறவு உண்டு. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை ஊரையும் கீழ்க்கோட்டையையும் பிடித்த பிறகும், திப்புவின் வீரர்கள் காத்த மேல்கோட்டையை ஏறிப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை அது. மறு ஆண்டு திப்புவுடன் செய்த ஒப்பந்தத்தில்தான், இந்த வட்டாரத்துக்கு அன்றிருந்த பெயரான பாராமகால் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம்முடைய ராக்கெட்டை உருவாக்கினார். இங்கே விற்கும் குச்சி ராக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

குறையும் ஒன்று சொல்ல வேண்டும். நடத்தியவர்கள் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து இடைவிடாமல் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். ஐந்து நொடி மௌனத்தை இலவசமாகக் கொடுக்கும் ஊரில் அந்த மௌனத்தை அடைத்துவைப்பதற்கு என்ன அவசியம் என்று எனக்கு விளங்கவில்லை. நடுவில் ஒருமுறை மின்சாரம் போய்ப் பாட்டு நின்ற நான்கு நிமிடங்கள்தான் அன்றைய மாலையின் சிறந்த பகுதி.

30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட் பெட்டிகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றை நான் வேகமாகவே கடந்துவிட்டேன்; எண்ணிக்கை கூடினால் அழகு கூடுவதில்லை. நான் காத்திருந்தது நீலத்துக்கு. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பைத் தாராளமாகத் தரும்; சோடியம் மஞ்சளைக் கேட்காமலே தரும்; நீலத்தைத் தரும் செம்பு மட்டும் சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் வெளிறிப்போகும். மூன்றரை இன்ச் உருண்டை ஒன்று கத்தரிப்பூ நிறத்தில் விரிந்து, அணைவதற்குச் சற்று முன்பு, ஒரு கணம் மட்டும் அசல் நீலமாக நின்றது. பக்கத்திலிருந்தவர் அடுத்ததற்காக அண்ணாந்திருந்தார். நான் தொலைநோக்கியை இறக்கிவிட்டேன்.

பச்சை ஒன்றுகூட வரவில்லை. பச்சைக்குப் பேரியம் வேண்டும். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்ப்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. பெட்டிகளின் மேல் எல்லாம் 'பசுமைப் பட்டாசு' என்று அச்சிட்டிருக்க, உள்ளே பச்சை மட்டும் இல்லாததைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

முடிவில் வரிசையாக எட்டுக் குழாய்களுக்குத் தீ வைத்தார்கள். ஏழு போயின, ஒன்றின் திரி புகைந்து நமுத்துவிட்டது. துணையாள் ஒருவர் எட்டிப் பார்க்கப் போனதும் பெரியவர் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். கூட்டம் கலைந்து, பாட்டும் நின்று, அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் தூரத்தில் நின்றபடியே அந்தக் குழாய்க்குள் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த ஒரு வேட்டுக்கு மட்டும் மலையும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டது.

பதினொரு மணிக்குச் சேலம் பேருந்து கிடைத்தது. என் சட்டையிலிருந்து கந்தக வாடை அடித்திருக்க வேண்டும், நடத்துநர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்று, "பையில பட்டாசு இருக்கா சார்? பஸ்ல ஏத்தக் கூடாது" என்றார். பையைத் திறந்து காட்டினேன். தொலைநோக்கியையும் பஞ்சையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதியிருந்த ஒரு போளியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.