துவராடை சுற்றிய மரங்கள்

வடக்குத் தாய்லாந்தின் மலைக்காடுகளில், பிக்குகளின் துவராடை சுற்றப்பட்ட பெருமரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. 1988-இல் பயாவ் மாகாணத்தில் பிரக்ரூ மானஸ் நதீபிதக் என்னும் பிக்கு, மரத்துக்குத் துறவு அளிப்பதாகச் சொல்லப்படும் இவ்வழக்கத்தைத் தொடங்கியதாகக் கூறுவர். அதே ஆண்டின் இறுதியில், மரங்களை இழந்திருந்த தென் தாய்லாந்து மலைச்சரிவுகளிலிருந்து வெள்ளமும் சேறும் வெட்டிய மரத்துண்டுகளும் ஊர்களுக்குள் பாய்ந்து பலரின் உயிரைக் குடித்ததை அடுத்து, 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை அந்நாட்டு அரசு தடைசெய்தது.

விநயம் எனப்படும் துறவியர் ஒழுக்க விதிப்படி மனிதருக்கு மட்டுமே துறவு அளிக்க இயலும் என்பதைப் பிக்குகள் நன்கறிவர். ஆடை சுற்றுவது, அம்மரத்தையும் அதைச் சூழ்ந்த காட்டையும் காப்போம் என்று ஊரார் கூடி ஏற்கும் உறுதிமொழியின் அடையாளமே. இதற்குப் பௌத்தத்தில் ஆழமான வேர் உண்டு. செடிகொடிகளை அழிக்கும் பிக்குவுக்குப் பாசித்தியம் என்னும் விநய விதிப்பிரிவு குற்றம் கூறுகிறது. மழைக்காலத்தில் பசும்புல்லும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறைகூறியதாலேயே அப்பருவத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் நெறி வகுக்கப்பட்டது. சோலை வளர்த்தவருக்கும், பாலமும் கிணறும் அமைத்தவருக்கும் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்கிறது வனரோப சுத்தம் என்னும் பௌத்த சூத்திரம். மரம் நட்ட நாளோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று எண்ணுவோர் இவ்வரியை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன்.

மலையில் காடு மீள்வது அந்த இடைவிடாத பராமரிப்பால்தான். சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு 1994 முதல் மேம்படுத்தி வரும் முறையில், அம்மலைக்கே உரிய 20 முதல் 30 வகை மரக்கன்றுகள் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,100 வீதம் நடப்படுகின்றன. முதல் இரண்டு மழைக்காலங்களில் களையெடுத்து, கோடைக்கு முன்பே தீத்தடுப்புப் பாதை வெட்டி, வறண்ட மாதங்களில் இரவும் காவலிருந்தால், கன்றுகளின் நிழலில் புல் அடங்கும். பழந்தேடி வரும் பறவைகள் மற்ற மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஹ்மாங் என்னும் மலைவாழ் மக்களின் மே சா மாய் ஊரில் நாற்றங்காலையும் தீக்காவலையும் ஊராரே ஏற்று நடத்தினர்.

ஊராரின் இப்பங்கை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சியாங் மாய் மாகாணத்தின் சொம் தொங் பகுதியில் நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்க முனைந்த பௌத்த இயக்கம் ஒன்று, மலை மேலே வாழ்ந்த ஹ்மாங் மக்களை அங்கிருந்து அகற்றும் கோரிக்கையோடு நின்றது. சமவெளி வயல்களின் தண்ணீர்க் கவலை நியாயமானதே. ஆயினும், மரத்துக்குக் காட்டும் கருணையை அம்மரத்தடியில் வாழும் மனிதருக்கு மறுப்பதை என்னால் பௌத்தம் என்று ஏற்க முடியவில்லை. 2019-இல் இயற்றப்பட்ட சமூகக் காடுகள் சட்டமும், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே மட்டுமே ஊர்களின் உரிமையை ஏற்கிறது. அப்பகுதிகளுக்குள் தலைமுறைகளாக வாழ்ந்து தீக்காவல் காக்கும் ஊர்களுக்கும் அவ்வுரிமை வேண்டும் என்று பிக்குகள் பேச வேண்டும்.