சோயா மாத்திரை எதற்குத்தான் உதவும்?

மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் தோழிகள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள்: சோயாவிலிருந்து எடுக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருளின் மாத்திரை போடலாமா? பாட்டிலில் பார்த்தால் எலும்பு, இதயம், தோல், தூக்கம் என்று ஒன்றையும் விட்டு வைத்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறதே, அந்த ஹாட் ஃப்ளாஷ் தொல்லைக்கு முயன்று பார்க்கலாம். மற்றதற்கெல்லாம் காசைக் கரியாக்க வேண்டாம்.

சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், கிளைசிட்டீன் என்று மூன்று ஐசோஃப்ளேவோன்கள் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் சாயல் இருப்பதால், செல்களில் அது போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளிலேயே இவையும் ஒட்டும், ஆனால் பிடி ரொம்பத் தளர்வு. அதோடு இவற்றுக்கு பீட்டா வகை ஏற்பிதான் அதிகம் ஒத்துப்போகும், கருப்பையிலோ ஆல்ஃபா வகைதான் அதிகம். அதனால் இதை ஹார்மோன் மாத்திரையோடு ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை, பயப்படுவதற்கும் சரி, எதிர்பார்ப்பதற்கும் சரி.

ஹாட் ஃப்ளாஷ் விஷயத்துக்கு வருவோம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் வந்த அலசல் ஒன்றில், நாளுக்குச் சுமார் 54 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, டம்மி மாத்திரை எடுத்தவர்களைவிட எண்ணிக்கை 20 சதவீதமும் தீவிரம் 26 சதவீதமும் குறைந்திருந்தன. ஜெனிஸ்டீன் 19 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்த மாத்திரைகள்தான் நன்றாக வேலை செய்தன, அதனால் லேபிளில் மொத்த அளவைப் பார்த்து மயங்காமல் ஜெனிஸ்டீன் எவ்வளவு என்று தேடுங்கள். அப்புறம் இன்னொரு சூட்சுமம்: சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய கிளைகோசைடு வடிவத்தில் 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் உண்மையான ஐசோஃப்ளேவோன் 60 மில்லிகிராம் அளவுதான் தேறும். சர்க்கரை ஒட்டாத வடிவமான அக்ளைகோன் என்று போட்டிருந்தால் அந்தக் கழிவு இல்லை.

பொறுமையும் வேண்டும். 2015-ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, இது தன் முழுப் பலனில் பாதியை எட்டவே 13 வாரத்துக்கு மேல் ஆகிறது, ஹார்மோன் சிகிச்சையில் தரும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையாலுக்கு 3 வாரம் போதும். பத்து நாள் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சோயாவைப் பரிந்துரைக்கவில்லை.

ஒருத்திக்குக் கேட்டது இன்னொருத்திக்கு ஏன் கேட்பதில்லை? ஒரு காரணம் குடலில் இருக்கலாம். டெய்ட்சீனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இல்லை. மேற்கு நாடுகளில் கால்வாசிப் பேரிடமும், ஜப்பான், கொரியா, சீனா பக்கம் பாதிக்கு மேற்பட்டவர்களிடமும் இருக்கிறது. இந்த ஈக்வால்தான் ஏற்பியில் கூடுதலாகப் பிடிப்பது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமாகப் பட்டதே இதுதான்.

எலும்புக்கு? 2007-ல் இத்தாலியில் 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீனை இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் எலும்பு அடர்த்தி கூடியது. சரி என்று நம்பினால், 2011-ல் அமெரிக்காவில் 248 பெண்களை வைத்து, தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோன் கொடுத்து அதே இரண்டு ஆண்டு பார்த்தபோது எலும்புத் தேய்மானம் நிற்கவே இல்லை, போதாக்குறைக்கு மலச்சிக்கலும் கூடியது. கொலஸ்ட்ராலுக்கு இன்னும் மோசம்: சோயா புரதம் கொஞ்சம் குறைக்கும், அதிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃப்ளேவோன் அதைச் செய்வதாகத் தெரியவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் ஆராய்ந்து, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மாத்திரைகளால் மார்பகம், கருப்பை, தைராய்டு மூன்றிலும் கெடுதல் வந்ததற்கான அறிகுறி இல்லை என்றது. ஆனால் ஜப்பான் கறார்: சாப்பாட்டுக்கு மேல் மாத்திரையாக நாளுக்கு 30 மில்லிகிராம்தான், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கூடவே கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதுவும் அதற்கான மருந்தான டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் போடுபவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், சோயா அந்த மருந்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கக்கூடும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.