‘இயற்கை’ என்று கேட்காதீர்கள்: புதுச்சேரித் தெருக்களில் என் ஆய்வு

முதுகலைச் சூழலியலின் கடைசிப் பருவத்தில் நகரத்து மக்களுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை ஆய்வுத் தலைப்பாக எடுத்தேன். இப்போது அதே பக்கம் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் வீண். ‘உங்கள் பகுதியில் இயற்கை எப்படி இருக்கிறது?’ என்று கேள்வித்தாளில் போட்டிருந்தேன். முத்தியால்பேட்டையில் ஓர் அம்மா, “இங்க ஏது தம்பி இயற்கை? ஊசுட்டேரிப் பக்கம் போய்ப் பாரு” என்றார். அவர் வாசலில் முருங்கை காய்த்துத் தொங்கியது. ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமான இடம். ‘இயற்கை’ என்றாலே அப்படி எங்கோ போய்ப் பார்க்கிற ஒன்று என்றுதான் அவருக்குப் பட்டிருக்கிறது.

கேள்வியை மாற்றினேன். “தானே புயல்ல உங்க தெருவுல எந்த மரம் சாஞ்சுது?” 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த புயல் அது. அரை மணி நேரம் பேசினார்கள். எந்த மரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது, எந்தக் கிளையில் தூளி கட்டினார்கள், மரம் போன பிறகு மத்தியானத்தில் திண்ணையில் ஏன் உட்கார முடியவில்லை என்று எல்லாம் வந்தது. வைத்திக்குப்பத்தில் மரமே பேச்சில் வரவில்லை, மணல்தான் வந்தது. துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கே போகும் மணலை மறித்ததால் கரை கரைந்துபோன கதையை வலை பிரித்தபடியே சொன்னார்கள். அங்கே மரத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

மரக்கணக்கையும் பேட்டியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அடிமரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். நாடாவும் கையுமாக நின்றால், ரோடு அகலப்படுத்த வந்தவன் என்று நினைத்து வாயே திறக்க மாட்டார்கள்.

வாய்மொழித் தேர்வில் நான் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. 2005இல் வந்த ஆயிரமாண்டுச் சூழலமைப்பு மதிப்பீடு, இயற்கையிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் பயன்களைச் ‘சேவை’ என்று சொல்லி வகை பிரிக்கிறது. அந்த வகைப்பாட்டை அப்படியே எடுத்திருந்தேன். மஞ்சள் துணி சுற்றிய ஒரு வேப்பமரத்தின் இலையை ‘வழங்கல்’ என்றும், நிழலை ‘ஒழுங்குபடுத்தல்’ என்றும், அம்மனைப் ‘பண்பாடு’ என்றும் பிரித்திருந்தேன். “சித்திரை வெயிலில் அந்த மரத்துக்கு ஓர் அம்மா குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறாரே, அது எந்தப் பெட்டி?” என்று கேட்டார் தேர்வாளர். ‘சேவை’ என்ற சொல்லில் மரம் தருகிறது, மனிதர் வாங்குகிறார். அந்த அம்மாவோ திருப்பியும் தருகிறார். இதைப் பேசுவதற்குத்தான், மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவையே ஒரு மதிப்பாகப் பார்க்கிற ‘உறவுசார் மதிப்புகள்’ என்ற கருத்து இருக்கிறது. அதைக் களத்துக்குப் போகும் முன்பே படித்துவிடுங்கள். நான் தாமதமாகத்தான் படித்தேன்.

தையில் தொடங்கினால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களப்பணி நகராது. பேட்டியை அன்றிரவே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். அவர்கள் ‘நிழல்’ என்றால் நீங்களும் ‘நிழல்’ என்றே எழுதுங்கள். ‘வெப்பத் தணிப்பு’ என்பதைப் பகுப்பாய்வு அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளலாம்.