பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்க ஆரம்பித்த புதிதில், நண்பரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நாலு சுற்று வருவேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சுகர் இருந்த இடத்திலேயே இருந்தது. காரணம் வேகம். நான் செய்தது உலாத்தல்.

நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாடினால் மூச்சு வாங்க வேண்டும், அதுதான் மிதமான ஏரோபிக் வேகம். 220-இல் வயதைக் கழித்து, வரும் எண்ணில் 50 முதல் 70 சதவீதம் வரை நாடித்துடிப்பு இருக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. எனக்கு 52, அப்படியென்றால் 84 முதல் 118. இது தோராயம்தான். பிரஷருக்கு மெட்டோபுரொலால், அட்டினலால் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும், அவர்கள் இந்த எண்ணைத் துரத்தவே கூடாது, மூச்சை வைத்துப் பார்ப்பதுதான் சரி.

வேகத்தைக் கூட்டிய பிறகு ஒருநாள், கடைசிச் சுற்றை வேகமாக முடித்துவிட்டு அப்படியே நின்றேன், கண் இருட்டிக்கொண்டு வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நடக்கும்போது கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். இப்போதெல்லாம் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துதான் நிற்கிறேன். ஆரம்பத்திலும் ஐந்து நிமிடம் அப்படியே.

வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் முடியவில்லையா, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கும்போது சுகர் ரொம்ப இறங்கிவிட்டால் உடனே ஏற்ற, பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கடலை மிட்டாய் உதவாது, அதில் இருக்கும் கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அப்புறம் சென்னை வெயில். மே மாதப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது, அதனால் ஆறு மணிக்குள் முடித்துவிடுவேன்.

நெஞ்சு இறுக்கினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டு இன்னொரு சுற்று போகாதீர்கள். உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.