குடியை நிறுத்த செல்போன் கூட்டம் எனக்கு உதவிய விதம்

நான் தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். குடியை விட நினைக்கும் நம் கடற்கரைக்காரர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. தினமும் குடித்துப் பழகியவர்கள் வீட்டிலேயே வைராக்கியமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை என்று தொடங்கி முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையும் தாண்டி ஆள் அடையாளம் தெரியாமல் உளறும் நிலைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நான் ஆஸ்பத்திரியில் படுத்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் என்கிற வைட்டமின் ஊசியும் போட்டுத்தான் அந்த நாட்களைக் கடந்தேன்.

வீடு திரும்பிய பிறகுதான் சிரமம். எங்கள் ஊரில் எல்லாரும் சொந்தம், குடியை நிறுத்துகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்கு நான் போய் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் படகுத்துறை வரை தெரிந்துவிடும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன் ஒரு நம்பர் கொடுத்தார். ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் ஆன்லைன் கூட்டம், தமிழிலேயே. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியால் சீரழிந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசித் தொடங்கியது அது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

வீடியோவை அணைத்து, வேறு பெயர் போட்டு, இயர்போனோடு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். என்னைப் பேசக் கூப்பிட்டபோது "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்" என்றேன், சரி என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதும் இல்லை. யாரோ ஒரு லாரி டிரைவர், டாஸ்மாக் திறக்கும் 12 மணிக்காகக் காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்குக் கடலில் ஆசை வராது, கரைக்கு வந்து பங்குக் காசு கைக்கு வரும் நேரம்தான் கண்டம். இதைக் கூட்டத்தில் சொன்ன அன்று ஒரு மூத்தவர் தனியாக நம்பர் கொடுத்து, சிக்னல் கிடைத்ததும் கூப்பிடு என்றார். அப்புறம் பாம்பன் பாலம் கண்ணில் பட்டு போனில் கோடு ஏறியதுமே அவருக்கு அடித்துவிடுவேன், வீட்டு வாசல் வரை பேசிக்கொண்டே வருவார். பங்குக் காசை என் மனைவி கையில் கொடுக்கச் சொல்லி ஓனரிடமும் பேசிவிட்டேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்னும் மோசம். வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் போக மீதி நேரமெல்லாம் கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். அப்போது சாயங்காலக் கூட்டத்தை ஒரு நாளும் விடவில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, என் மனைவி அதில் இருக்கிறாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் சிலர், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லிப் பொடி விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாதிரி மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கூட்டத்தில் யாராவது மருந்து விற்றாலோ பணம் கேட்டாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416-க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.