அசையாத கையின் வலி

பைக் விபத்தில் வலது கை செயலிழந்த ஓர் இளைஞர், காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் எங்கள் டி.எம்.எஸ். சிகிச்சை அறைக்கு வந்தார். தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துபோயிருந்தன. கிள்ளினால் தெரியாது. ஆனால் இரவெல்லாம் அதே விரல்கள் நெருப்பாக எரியும். "உணர்ச்சியே இல்லாத கை எப்படி வலிக்கும்னு வீட்லயே கேக்குறாங்க சார்" என்றார். வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்புகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. அந்த வலி நிஜம்.

1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு காட்டிய வழிதான் எங்கள் சிகிச்சை. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பைத் தூண்டும். நரம்புவலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையில், கையை இயக்கும் பகுதியில் கொடுப்போம்.

எங்கே, எவ்வளவு வலுவாகக் கொடுப்பது என்பதை ஒவ்வொருவர் தலையிலும் புதிதாகத்தான் தேட வேண்டும். சுருளை நகர்த்தி நகர்த்திக் காந்தத் துடிப்பால் தட்டும்போது எங்கே கட்டைவிரல் நன்றாகத் துள்ளுகிறதோ, அதுதான் இடம். பத்துத் தட்டில் ஐந்துக்காவது துள்ளவைக்கும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொண்டு, அதில் 80, 90 சதவீதத்தைக் கொடுப்போம்.

இவர் விரலோ துள்ளாது. சரி, நல்ல கையை வைத்து வலது மூளையில் அளவைக் கண்டுபிடித்தோம். இடத்துக்கு எம்.ஆர்.ஐ. படம். கையை இயக்கும் மேடு பக்கவாட்டுப் படத்தில் கொக்கி போலத் தெரியும். அந்தப் படத்தின்மேல் சுருள் இருக்கும் இடத்தையும் காட்டும் திரையைப் பார்த்தபடியே சுருளை அந்த மேட்டின்மேல் கொண்டுவந்தேன். கண்மதிப்பாக நான் முதலில் வைத்த இடம் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. திரை இல்லாத நாட்களில் எத்தனை பேருக்கு அப்படித் தள்ளி வைத்தேனோ!

10 விநாடி தட்டு, 20 விநாடி ஓய்வு. 15 நிமிடத்தில் 3000 துடிப்புகள். காதடைப்பையும் மீறி மரங்கொத்தி கொத்துவது போலக் கேட்கும்.

பத்தாவது நாள், வலிக்குப் பத்துக்கு 8 மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தவர் 5 என்றார். எரிச்சல் போய்விடவில்லை. எல்லோருக்கும் பலன் கிடைக்காது, கிடைத்தாலும் சில வாரங்களில் வலி திரும்ப ஏறலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா வெளிய இருக்காங்க, அந்தப் படத்தைக் காட்ட முடியுமா?" என்றுதான் கேட்டார்.

அழைத்து வந்து கொக்கியைக் காட்டினேன். "தம்பியோட கைக்கான இடம் இதுதாம்மா. கை அசையலன்னாலும் இது வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "ராத்திரி ரொம்ப எரியுதாப்பா?" என்று கேட்டார்.